பேர் சொல்லாத பிடியரிசி

செல்லூரில் சௌரிராஜனின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், குரல் தெரியாத ஆள் கிடையாது. மனைவி பேரில் ‘நாகமணி ஒலி ஒளி அமைப்பகம்’ என்று ஒரு கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு ஷட்டர், அதற்குள் சில ஸ்பீக்கர் பெட்டிகள், யாராலும் சிக்கல் எடுக்க முடியாத ஒரு வயர்க் குவியல், வாசலில் கூரைமேல் கூம்பு ஒலிபெருக்கி கட்டிய ஒரு பழைய ஆட்டோ. கல்யாணம், காது குத்து, ஜவுளித் தள்ளுபடி, காணாமல் போன கறவை மாடு, எதுவானாலும் அந்த ஆட்டோவிலிருந்து அவர் குரல்தான் சந்து சந்தாகப் போகும். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசல்படி இறங்கினால் மதுரைத் தமிழ். இரண்டிலும் சத்தம் ஒன்றுதான். சாப்பிடும்போது உப்பு கேட்டாலும் ஊருக்கு அறிவிக்கிற மாதிரிதான் கேட்பார். “நான் அடுப்படியிலதான் நிக்கிறேன், அழகர்கோவில்ல இல்ல” என்று அவர்கள் பாஷையில் சொல்லிச் சொல்லி நாகமணி ஓய்ந்துபோயிருந்தாள்.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மொய் வாசிப்பு. மதுரைப் பக்கம் விசேஷ வீட்டில் மொய் செய்தால் மட்டும் போதாது. செய்தவர் பேர், ஊர், செய்தது எவ்வளவு என்று மைக்கில் வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் செய்ததாகவே கணக்கில்லை. சௌரிராஜன் வெறுமனே வாசிக்க மாட்டார். “அண்ணன்” சேர்ப்பார், “பாசத்துக்குரிய” சேர்ப்பார், ஆளைப் பார்த்து “வள்ளல்” என்றும் போடுவார். கேட்டவர் பந்தியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு கரண்டி பாயசம் வாங்குவார். சரியாகக் கேட்கவில்லை என்று சாக்குச் சொல்லி இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்ன பெரிய மனிதர்களும் உண்டு. தன் பேர் கூம்பில் வந்தால் மனுஷனுக்குப் பூரிக்கும் என்பது சௌரிராஜன் தொழிலில் படித்த பாடம். அந்தப் பாடம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைத்தான் அவர் படிக்காமல் விட்டுவிட்டார்.

2001இல், மழைக்காலத்தில் ஒருநாள், ஆனையூரிலிருந்து பட்டு டீச்சர் கடைக்கு வந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் பஞ்சாபகேசன் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் இறங்கி உள்ளே வந்துவிட்டார்.

“மைக் வச்ச ஆட்டோவுக்கு ஒரு நாள் வாடகை என்ன?”

சௌரிராஜன் சொன்னார்.

“சரி. அதை நான் தரப்போறதில்லை.”

“அப்புறம் எதுக்கும்மா கேட்டீங்க?”

“எவ்வளவு மிச்சம்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?”

சௌரிராஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

டீச்சரும் அவரைப் போல் ஓய்வு பெற்ற சிலரும் சேர்ந்து ஒரு சின்ன அறக்கட்டளை நடத்தினார்கள். சம்பாதிக்கிறவர் செத்துப்போன வீடு, சம்பாதிக்கிறவர் படுத்துவிட்ட வீடு, அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுப்பது. அந்த வீடு எழுந்து நிற்கும்வரை கொடுப்பது. அவ்வளவுதான் வேலை. “வீட்டுல அரிசி இருந்தா பிள்ளை பள்ளிக்கூடம் போகும். இல்லேன்னா வேலைக்குப் போகும். இதுக்கு நடுவுல மூணாவது ஒண்ணு கிடையாது” என்றார் டீச்சர். பென்ஷன்காரர்கள் கையிலிருந்து போட்டது இதுவரை ஓடியது. இப்போது வந்து கேட்கிற குடும்பங்கள் கூடிவிட்டன. அதனால் பிடியரிசி கேட்கலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தினம் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனியே ஒரு பாத்திரத்தில் போட்டு வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வந்து வாங்கிக்கொள்ளும்.

“என்ன வாசிக்கணும்னு எழுதிக் குடுங்க, வாசிச்சிடுறேன்.”

“எழுதலை. நீங்களே சொல்லுங்கோ. இந்த ஊர்ல எப்படிக் கேட்டாப் போடுவான்னு உங்களுக்குத்தானே தெரியும்?”

இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. துண்டுச் சீட்டைக் கொடுத்து வாசிக்கச் சொன்னவர்கள்தான் உண்டு. மனிதர் அன்று ராத்திரி சாப்பாட்டில் கைவைத்தபடியே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஆட்டோ கிளம்பியது.

“தாய்மார்களே! உங்ககிட்ட மூட்டை கேக்கல, படி கேக்கல. ஒரு பிடி. உங்க கையால ஒரே ஒரு பிடி! உலை கொதிக்குது, அரிசியக் களைஞ்சாச்சு, போடப் போறீங்க. ஒரு நிமிஷம் நில்லுங்க தாயி! அதுக்கு முன்னாடி எடுத்து வச்சிருக்கணும், களைஞ்சதப் போட்டா ஊசிப்போகும்!”

சிரித்துக்கொண்டே பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். கேட்டார்கள், தலையாட்டினார்கள், உள்ளே போனார்கள். முதல் ஞாயிறு வந்த அரிசி ஆட்டோவின் கால் வைக்கும் இடத்தைக்கூட நிரப்பவில்லை. அதிலும் பொன்னி, ரேஷன் அரிசி, இட்லி அரிசி, பச்சரிசி எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. வடித்தால் பாதி குழையும், பாதி விறைத்து நிற்கும். ஊறப்போட்டு மாவாட்டத்தான் லாயக்கு என்று நாகமணி தீர்ப்புச் சொன்னாள். அடுத்த வாரமே புழுங்கலுக்கு ஒரு சாக்கு, பச்சரிசிக்கு ஒரு சாக்கு என்று வைத்தார்கள். சாக்கு இரண்டானது, அரிசி கூடவில்லை.

யோசித்துப் பார்த்தார் சௌரிராஜன். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அடுத்த ஞாயிறு அரிசி போட்டவர்கள் பேரை மைக்கில் வாசித்தார். “மேலத்தோப்புச் சந்து, பாசமிகு அக்கா சீனியம்மாள் வீட்டு அரிசி, ஒரு சொம்பு! டீக்கடை அதிபர், கொடைக்குப் பேர்போன அண்ணன் சின்னச்சாமி, ஒரு மரக்கால்!” அவ்வளவுதான், செல்லூர் கிளர்ந்துவிட்டது. சீனியம்மாள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி ஒரு வாளி கொண்டுவந்தாள். பிச்சைக்காரனுக்குச் சில்லறை மாற்றிக் கொடுக்கக்கூட யோசிக்கிற ஒரு ஜரிகை வியாபாரி, பேரோடு தன் அப்பா பேரையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்ற நிபந்தனையில் அரை மூட்டை இறக்கினார். சின்னச்சாமி டீக்கடை வாசலில் ரேடியோவை அணைத்துவிட்டு, தன் பேர் வருகிறதா என்று காத்திருப்பார். சாக்கு வாங்கி மாளவில்லை. பேருக்காகப் போட்டால் என்ன, வெறுமனே போட்டால் என்ன, அரிசி அரிசிதானே? பட்டு டீச்சருக்குக்கூட அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. புதிதாகப் பல குடும்பங்களைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது.

அப்படிச் சேர்ந்ததில் ஒன்று அன்னக்கொடியின் குடும்பம். கடைக்குப் பின்சந்தில் ஒரே அறை வீடு. புருஷன் தவசி லாரியில் துணிப்பொதி, அதாவது பேல், ஏற்றுகிறவன். ஒரு பேல் முதுகில் விழுந்து கட்டிலோடு கிடந்தான். அன்னக்கொடி தறிக்காரர்களுக்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்து, ராட்டையே கதி என்று கிடந்தாள். மூத்தவள் ஒச்சம்மாள் ஒன்பதாவது படித்தாள். கெட்டிக்காரப் பெண். இளையவள் இன்னும் பால்வாடியைத் தாண்டவில்லை. டீச்சரிடம் இந்த வீட்டைப் பற்றிச் சொன்னதே சௌரிராஜன்தான். அரிசி கொடுக்கிற நாளில் அன்னக்கொடி, தெரு உண்ட களைப்பில் கிடக்கிற மத்தியான நேரமாகப் பார்த்துக் கடைக்கு வருவாள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் வாங்கிக்கொண்டு, மேலே ஒரு துவைத்த சேலையைப் போட்டு மூடி, பின்சந்து வழியாகப் போவாள். அரிசி சிந்தாமல் கொண்டுபோகிற பொறுப்பான பெண் என்று சௌரிராஜன் நினைத்துக்கொண்டார். கண்ணால் பார்த்தும் புத்தியில் ஏறவில்லை. என்ன சொல்வது அவரை?

அடுத்த சித்திரை வந்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற நாள், வைகைக் கரைக்கு வருகிற கூட்டத்தில் பாதி செல்லூர் வழியாகத்தான் வரும். சௌரிராஜன் தெருமுனையில் நீர்மோர்ப் பந்தலும் பக்கத்தில் ஒரு சின்ன மேடையும் போட்டு, நாலு பக்கமும் கூம்பு கட்டி, பிடியரிசி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பட்டு டீச்சர் குவளை குவளையாக மோர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். கள்ளழகர் வேஷம் கட்டியவர்கள் தோல் பையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போனார்கள். எங்கிருந்தோ வந்த ஜனங்கள் நின்று கேட்டார்கள். எங்க ஊரிலும் இப்படி ஆரம்பிக்கிறோம் என்று வாடிப்பட்டிக்காரர் ஒருவர் மேடைக்கே வந்து சொன்னார். சௌரிராஜனுக்குத் தலைகால் புரியவில்லை. கொடுத்தவர்கள் பேரை வரிசையாக வாசித்தார். வாசித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தவர், மோர் வாங்கும் வரிசையில் அன்னக்கொடியையும் ஒச்சம்மாளையும் பார்த்துவிட்டார்.

“உங்க அரிசி எங்க போகுதுன்னு கேப்பீங்க! இந்தா நிக்கிறாங்க பாருங்க, பச்சைச் சேலை, நம்ம தங்கச்சி அன்னக்கொடி! புருஷன் படுத்த படுக்கை. இந்தத் தாயி வீட்டுல உலை கொதிக்கிறது உங்க அரிசியிலதான்! பக்கத்துல நிக்கிற பாப்பா ஒச்சம்மா பள்ளிக்கூடம் போறது உங்க அரிசியிலதான்! மேடைக்கு வா தங்கச்சி! ஒரு தடவை எல்லாரும் பார்க்கட்டும்!”

நாலு கூம்பும் அதைச் சொல்லின. கூட்டம் திரும்பியது. யாரோ கை தட்டினார்கள், உடனே எல்லாரும் தட்டினார்கள். நல்ல மனசோடுதான் தட்டினார்கள், அதில் சந்தேகமில்லை. மோர் மொள்ளுவதை நிறுத்தி, பட்டு டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். அன்னக்கொடி மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். கூச்ச சுபாவம் போல என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு சௌரிராஜன் அடுத்த பேரை வாசித்தார்.

அந்த மாதம் அன்னக்கொடி அரிசி வாங்க வரவில்லை. வீட்டில் மிச்சமிருந்த பழைய அரிசி ஒரு வாளியில் கடை வாசலுக்குத் திரும்பி வந்திருந்தது. மேலே மூடுவதற்குச் சேலை எதுவும் இல்லை. சௌரிராஜன் ஒன்றும் புரியாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நாகமணிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. குழாயடியில் தெரியாதது எது? “அந்தப் பொண்ணு ஒச்சம்மா தண்ணி பிடிக்க வந்தா, பிள்ளைக ‘பிடியரிசி, பிடியரிசி’ன்னு கூப்பிடுதுக. இனிமே பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேன்னு உக்காந்திருக்கா. திண்டுக்கல் பக்கம் ஏதோ நூல் மில்லுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் வந்துட்டுப் போயிருக்கான். மூணு வருஷம் அங்கேயே தங்கி வேலை பார்க்கணுமாம். முடிச்சா கல்யாணத்துக்கு மொத்தமா ஒரு தொகையாம். வர்ற வெள்ளிக்கிழமை வேன் வருது.” அவள் குரல் உடைந்தது. “கிணத்துல விழப் போனவளைக் கைதூக்கி விட்டீங்க. தூக்கின கையாலேயே தள்ளியும் விட்டுட்டீங்க.”

சௌரிராஜன் வாளியைக் கீழே வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு பின்சந்துக்கு நடந்தார்.

அன்னக்கொடி ராட்டையை நிறுத்தவில்லை. கட்டிலில் தவசி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஒச்சம்மாள் ஒரு துணிப்பையில் பாவாடையையும் சீப்பையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பையைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

“தங்கச்சி, தெரியாமப் பண்ணிட்டேன்” என்றார். அது அடுத்த சந்துவரை கேட்டது. “வேணும்னா நாளைக்கே மைக்ல மன்னிப்புக் கேட்டுடுறேன். ‘அன்னக்கொடி அம்மாகிட்ட’ன்னு பேரைச் சொல்லியே…”

“ஐயோ அண்ணே!” ராட்டை நின்றது. “இன்னொரு தடவையா? நீங்க நல்லா இருப்பீங்க, என் பேரை விட்டுருங்க!”

கட்டிலிலிருந்து தவசி சிரித்தான். அழ வேண்டிய இடத்தில் வந்த சிரிப்பு அது. அன்னக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மொய் வாசிக்கிற ஆளு நீங்க. உங்களுக்குத் தெரியாததா? இன்னைக்கு ஒருத்தன் மொய் வாங்குறான்னா, நாளைக்கு அவன் திருப்பிச் செய்வான். அதனால வாங்குறவனும் தலை நிமிந்து வாங்குறான். நான் இதை எங்கண்ணே திருப்பிச் செய்யிறது? எனக்கு முறையே இல்லையே. கொடுத்தவங்க பேரச் சொன்னீங்க, சந்தோசம். வாங்குனவ பேரயும் அம்புட்டு ஊருக்கும் வாசிச்சீங்களே, அது எந்த ஊரு வழக்கம்ணே?”

வாய்தான் பிழைப்பு என்றிருந்த மனுஷன், வாயைத் திறக்க முடியாமல் வெளியே வந்தார்.

நேராக ஆனையூர் போனார். டீச்சர் அவரை உட்காரவும் சொல்லவில்லை. “மைக் கிடைச்சா என்ன வேணாலும் சொல்லிடறதா? அந்தக் குழந்தை முகத்தை நீங்க பார்த்தேளா? நான் பார்த்தேன்!” பஞ்சாபகேசன் காபி டம்ளரை அவர் கையில் வைத்து, கண்ணாலேயே குடிக்கச் சொன்னார். திட்டி முடித்ததும் டீச்சர் தானே போய் அன்னக்கொடியிடம் பேசுவதாகச் சொன்னார். சௌரிராஜன் வேண்டாம் என்றார். பேசிப் பேசித்தான் இவ்வளவும் வந்தது. அவள் கேட்ட கேள்விக்குப் பதில் பேச்சில் இல்லை, அரிசி போகிற வழியில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. திரும்பும்போது ஆட்டோவில் மைக் போடாமல் வந்தார். வழியில் பார்த்த ரெண்டு பேர் வண்டி ரிப்பேரா என்று கேட்டார்கள்.

வழி அவருடைய தொழிலிலேயே கிடந்தது. விசேஷ வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் அடுப்படிவரை போவார், வயர் இழுப்பார், வருவார். உள்ளே என்ன கொண்டுபோனார், வெளியே என்ன கொண்டுவந்தார் என்று எந்தத் தெருவும் பார்த்ததில்லை. கடையில் சும்மா கிடந்த எண்ணெய் டின்களைத் தேய்த்துக் கழுவி, மூடி போட்டு, கைப்பிடி வைத்தார். அன்று சாயங்காலமே ஆட்டோ கிளம்பியது.

“தாய்மார்களே, அண்ணன்மார்களே! இனிமே பிடியரிசிக்கு யாரும் வாசலுக்கு வர வேணாம். டின்னு உங்க வீட்டு அடுப்படிக்கே வரும். எல்லா வீட்டுக்கும் வரும், ஒரு வீடு விடாம வரும். இன்னையிலிருந்து யார் பேரும் வாசிக்க மாட்டேன். போட்டவங்க பேரும் கிடையாது, எடுத்தவங்க பேரும் கிடையாது. முன்னாடி வாசிச்சதுல ஒண்ணு தப்பாப் போச்சு. தப்பு என்னோடது.”

செல்லூர் அதை ரசிக்கவில்லை. ஜரிகை வியாபாரி உடனே நின்றுவிட்டார், அவரை விடுங்கள். சின்னச்சாமி டீக்கடையிலிருந்தே கத்தினார்: “பேரில்லாமப் போடுறதுக்கு நான் என்ன பேயாய்யா?”

“இல்லண்ணே. பெரிய மனுசன்” என்றார் சௌரிராஜன். மைக்கை அணைத்துவிட்டுத்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் முதல் டின்னில் கொஞ்சம் அரிசி போட்டுத் தூக்கிக்கொண்டு பின்சந்துக்குப் போனார். சந்தின் முதல் வீட்டிலிருந்து வரிசையாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் டின் உள்ளே போனது, வெளியே வந்தது. அன்னக்கொடி வீட்டுக்கும் அதே மாதிரி போனார். உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு, குனிந்து பேசினார்.

“என்னண்ணே? கேக்கல” என்றாள் அன்னக்கொடி.

அவருடைய வாழ்க்கையில் அவரிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினார். “எல்லா வீட்டுக்கும்தான் டின்னு போகுது. போடுறவங்க போடுவாங்க, எடுக்கிறவங்க எடுப்பாங்க. அரிசி எந்தப் பக்கம் போச்சுன்னு தெருவுக்குத் தெரியாது. நீ வேணுங்கிறத எடுத்துக்க. தினம் உலை வைக்கையில அதுல ஒரு பிடியத் தனியா வை. அடுத்த தடவை டின்னு வரும்போது அதைப் போடு. நீ கேட்ட முறை இதுதான் தங்கச்சி. உனக்கும் முறை இருக்கு.”

“நான் போடுற அரிசி யாருக்குப் போகும்?”

“சொல்ல மாட்டேன்.”

அன்னக்கொடி அவரையே பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். “இம்புட்டு நாளா இந்த வார்த்தையை எங்கண்ணே வச்சிருந்தீங்க?”

தவசி சுவரிலிருந்து இந்தப் பக்கம் புரண்டு படுத்தான். புரள்வதற்கு அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. “ஏத்தா ஒச்சு” என்றான். “கட்டிலுக்கடியில இருக்கிற பையை எடுத்துப் பிரிச்சு வை. நீ எங்கயும் போக வேணாம்.”

ஒச்சம்மாள் அசையவில்லை. “நாளைக்குக் குழாயடியில கூப்பிடுவாளுகளேப்பா.”

கெட்ட பேர் ஒரு நிமிஷத்தில் நாலு கூம்பில் போய்விடும், அதைத் திருப்பி எடுக்கிற கருவி எந்த மைக் செட் கடையிலும் கிடையாது. கடைசியில் அந்தப் பெண்ணே எழுந்தாள். அரிசியை அளந்து பாத்திரத்தில் கொட்டினாள். கொட்டிய அரிசியிலிருந்து தன் கையால் ஒரு பிடி எடுத்து அப்போதே டின்னுக்குள் போட்டாள். தினம் தினம் சேர்த்து வைக்க அவளுக்குப் பொறுமையில்லை. போட்டுவிட்டு அம்மாவிடம், “நானும் போட்டுட்டேன். இனிமே எவளாவது கேட்டா, நாங்களும் போடுறோம்டின்னு சொல்லுவேன்” என்றாள். வெள்ளிக்கிழமை வேன் வந்தது, வேறு தெருப் பெண்கள் சிலரை ஏற்றிக்கொண்டு போனது. அந்தச் சந்தில் யாரும் ஏறவில்லை.

பேர் வாசிப்பு நின்றதும் அரிசி பாதியாகக் குறைந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? சில மாதங்கள் பட்டு டீச்சர் பென்ஷனை வைத்துத்தான் ஈடுகட்டினார். சௌரிராஜன் வாடகைக்குப் போகாத நாளெல்லாம் டின்னைத் தூக்கினார். தோள் கன்றிப்போனது. நாகமணி மறு தோளுக்கு ஒரு டின்னை எடுத்துக்கொண்டு தானும் இறங்கினாள். பெண்பிள்ளை அடுப்படிக்குள் வந்தால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் ஒரு பிடி ரெண்டு பிடியாகும். எந்த வீட்டில் எடுக்க வெட்கப்படுகிறார்கள், எந்த வீட்டில் போட வெட்கப்படுகிறார்கள் என்பதும் அவளுக்குத்தான் தெரிந்தது. போட வெட்கப்படுவார்களா என்று கேட்காதீர்கள். ரேஷன் அரிசி மட்டும் உள்ள வீட்டில் அதைப் போட வெட்கம். அவர்களிடம் நாகமணி, “எங்க வீட்டுலயும் அதான் வேகுது, போடுங்கக்கா” என்பாள். ஒரு பிடி என்பது ஒரு ஆளின் பசிக்குக்கூடக் காணாது. உங்கள் கையை மடக்கிப் பாருங்கள், தெரியும். ஆனால் ஒரு சந்து முழுக்க மடங்கிய கைகள் ஒரு குடும்பத்தை ஒரு மாதம் தாங்கின. மழைக்காலம் திரும்பி வந்தபோது டின்கள் பழையபடி நிரம்பின. முன்னே நிரம்பியதைவிட அமைதியாக நிரம்பின.

சின்னச்சாமி ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு இருந்தார். டீக்கடையை அகலப்படுத்துகிறேன் என்று மாநகராட்சி ஆட்களிடம் மாட்டி, கடை கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்தது. ஒருநாள் அவரே வாசலில் நின்று, “மாப்ள, டின்ன எங்க வீட்டுக்கும் கொண்டு வாய்யா” என்று கூப்பிட்டார். சௌரிராஜன் கொண்டுபோனார். அந்த டின் வெளியே வரும்போது கனத்து வந்ததா, லேசாகி வந்ததா என்று அவர் நாகமணியிடம்கூடச் சொல்லவில்லை. அதனால் எனக்கும் தெரியாது.

அடுத்த ஆண்டு மே மாதக் கடைசியில் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சௌரிராஜன் கடைவாசலில் ஒரு ஸ்பீக்கரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒச்சம்மாள் சந்திலிருந்து ஓடி வந்தாள். பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த தாள் அவள் கையில் வேர்வையில் நனைந்திருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் அவள்தான் முதல்.

“மாமா, மைக்ல சொல்லுங்க!”

சௌரிராஜன் பிரித்த ஸ்பீக்கரைத் தள்ளி வைத்தார். “என்ன பாப்பா சொல்றே? நான்தான் யார் பேரும் சொல்றதில்லையே.”

“அரிசிக்குத்தான சொல்ல மாட்டேன்னீங்க? இது அரிசி இல்ல மாமா. நான் உக்காந்து படிச்சது. சொல்லுங்க. குழாயடிக்குக் கேக்கணும்.”

அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பேரை வாசித்து என்ன ஆனது என்பது அவருக்கு மறக்கவில்லை, சாகிறவரை மறக்கப் போவதும் இல்லை. பிள்ளை சந்தோஷத்தில் கேட்கிறது. தாய் என்ன நினைப்பாளோ? “அம்மா வரட்டும்” என்றார்.

அன்னக்கொடி அதற்குள் சந்தின் முனைக்கு வந்துவிட்டாள். ராட்டையிலிருந்து அப்படியே எழுந்து வந்தவள், தலையெல்லாம் பஞ்சு. மூச்சு வாங்க நின்று, மகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

சௌரிராஜன் அவளுக்கு மட்டும் கேட்கும்படி, மெதுவாகக் கேட்டார். “பேரைச் சொல்லலாமா தங்கச்சி?”

“சொல்லுங்கண்ணே. அன்னக்கொடி மக ஒச்சம்மான்னு சொல்லுங்க. தவசி மகன்னும் சேத்துச் சொல்லுங்க.”

அவர் ஆட்டோவில் ஏறி மைக்கைப் போட்டார். ஒரு தடவை ஊதிப் பார்த்தார். இந்த ஒரு வருஷப் பழக்கத்தில் கை சத்தத்தைக் குறைக்கப் போனது.

“கொறைக்காதீங்க” என்றாள் அன்னக்கொடி. “கூட்டி வையுங்கண்ணே.”

அவர் கூட்டி வைத்தார்.